ஆப்பிரிக்காவில் இளைஞர்களுக்கான சின்னத் தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடர்ந்து நடத்துவது எப்படி?

நைரோபியின் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் ஏழு ஆண்டு கணக்கு வேலை பார்த்தேன். பக்கத்திலேயே முக்குரு என்ற பெரிய குடிசைப் பகுதி. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்குமாக ஒரு சின்ன அமைப்பு இயங்கியது. அதற்குக் கணக்கு எழுதிக் கொடுக்கச் சனிக்கிழமைதோறும் போவேன். அதனால் கென்யாவை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. சட்டமும் பழக்கமும் நாட்டுக்கு நாடு மாறும்.

தொடங்குவதை விடத் தாக்குப்பிடிப்பது பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். சரியான கவலை. சின்ன அமைப்புகளை விழவைப்பவை இரண்டு செலவுகள்: இடத்துக்கான வாடகை, தினமும் கதவைத் திறந்து உட்காரும் ஒருங்கிணைப்பாளருக்கான மாதப் படி. பந்து வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். ஜெர்சிக்கும் பழைய கணினிக்கும்கூடக் கிடைப்பார்கள், படம் எடுத்து அனுப்பினால் போதும். ஜூன் மாத வாடகையை என்னவென்று படம் எடுப்பது?

நாங்கள் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றோம். மூன்று ஆண்டுகளுக்குப் பணம் தருவதாகச் சொன்ன ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை, இரண்டாம் ஆண்டு நடுவில் முன்னுரிமைகள் மாறிவிட்டதாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி நிறுத்திக்கொண்டது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அதே தெருவில் வளர்ந்த பையன். நான்கு மாதம் படி இல்லை. பகலில் கட்டட வேலைக்குப் போய்விட்டு, சிமென்ட் படிந்த சட்டையோடு சாயங்காலம் வந்து பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தான். அந்த நான்கு மாதக் கணக்கை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

அப்புறம்தான் உள்ளூர் வருமானத்தை யோசித்தோம். கென்யாவில் கல்யாணமோ துக்கமோ, எது நடந்தாலும் கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு வேண்டும். கையிலிருந்த கடைசிச் சேமிப்பில் ஒரு கூடாரமும் நூறு நாற்காலியும் வாங்கினோம். மூத்த பையன்களே தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் போட்டுத் திரும்ப எடுத்து வந்தார்கள். எட்டே மாதத்தில் அறை வாடகை அதிலிருந்தே வரத் தொடங்கியது. வேறு குழுக்கள் வீடு வீடாகக் குப்பை எடுத்து வாரக் கட்டணம் வாங்குகின்றன. கட்டணக் கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் நடத்துகின்றன. அந்தத் தெருவில் எதற்கு ஏற்கெனவே மக்கள் காசு கொடுக்கிறார்களோ, அதைப் பாருங்கள். மணி கோத்து வெளிநாட்டுக்கு விற்கலாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நாங்களும் செய்து பார்த்தோம், தபால் செலவுக்கே சரியாகப் போயிற்று.

இரண்டாவது வழி எம்பெசா. 2007இல் வந்த கைப்பேசிப் பணச் சேவை இது. சுவாஹிலியில் 'பெசா' என்றால் பணம், நம் பைசாவேதான். பெற்றோர்களும், படித்து வேலைக்குப் போன பழைய பிள்ளைகளும் மாதம் 100, 200 ஷில்லிங் என்று அனுப்பினார்கள். தொகை சின்னது. ஆனால் ஆண்டு முழுக்க நிற்காமல் வந்தது, எதற்கு என்று நிபந்தனையும் இல்லை. ஒவ்வொரு மாதமும் கடைசிச் சனிக்கிழமை, வந்ததையும் போனதையும் எல்லார் முன்னாலும் பொருளாளர் சத்தமாக வாசிப்பார். பொருளாளர் 19 வயதுப் பெண். கேள்வி கேட்பவர்களை அவள் விரட்டியதே இல்லை. அந்த வாசிப்புக்குப் பிறகு பணம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊரே கூடிப் பணம் திரட்டும் 'ஹராம்பே' வழக்கமும் அங்கே உண்டு. அதைப் பள்ளிக் கட்டணம் கட்டும் ஜனவரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கூப்பிட்டால் ஆட்கள் சலித்துப்போவார்கள்.

பிள்ளைகளை உதவி வாங்கிக்கொள்பவர்களாக மட்டும் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு நைரோபியிலேயே பெரிய சான்று இருக்கிறது. மத்தாரே குடிசைப் பகுதியில் பாலிதீன் பையைச் சுருட்டிக் கயிறு கட்டிய பந்தில் விளையாடிய பிள்ளைகளோடு, 1987இல் பாப் மன்ரோ என்ற கனடாக்காரர் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் அது. அங்கே ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி. அணியாகச் சேர்ந்து குப்பை அள்ளிச் சாக்கடையைச் சுத்தம் செய்தால் 6 புள்ளி. பிள்ளைகள் செய்யும் ஊர்வேலைக்கும் புள்ளி உண்டு, அது பள்ளிக் கட்டண உதவியாகத் திரும்பி வரும். குழுக்களை நடத்துவதும் இளைஞர்களே. அங்கிருந்து 1994இல் உருவான மத்தாரே யுனைடெட் கால்பந்து அணி 2008இல் கென்யாவின் பிரீமியர் லீக் கோப்பையை வென்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

பதிவு விஷயம் பெரிய தலைவலி இல்லை. 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 10 பேர் சேர்ந்து சமூகக் குழுவாகப் பதியலாம். ஆரம்பத்துக்கு அதுவே போதும். வங்கிக் கையெழுத்து மூவரிடம் இருக்கட்டும், மூவரும் உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும். நீங்கள் வெளியாள் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் விசா முடியும் நாளில் கணக்கு முடங்கிவிடும்.

வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வந்தால் கூடுதல் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடகையையும் படியையும் அதில் தொங்கவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் உதவியை நிறுத்தியபோது கென்யாவில் பெரிய நிறுவனங்களே ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. அந்த வாரம் எங்கள் பழைய ஒருங்கிணைப்பாளருக்குப் பதறிப்போய்ப் போன் செய்தேன். இரண்டு துக்க வீட்டுக்கு நாற்காலி போயிருக்கிறது, பையன்கள் வந்ததும் பேசுகிறேன் என்றான்.