பர்மாவில் இறந்த பெரிய தாத்தாவின் பெயர் எங்கே இருக்கும்?

வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “என் தாத்தாவின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தார். 1944-இல் பர்மா சண்டையில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததாம்; உடல் வரவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவி, தந்தி வந்த நாளில் ஆண்டு தவறாமல் படையல் போட்டு வந்தார். இப்போது அவரும் இல்லை. சீருடையில் எடுத்த ஒரு புகைப்படமும், படை எண் எழுதிய ஒரு பழுத்த காகிதமும் மட்டும் எங்களிடம் இருக்கின்றன. அவர் பெயர் எங்காவது பொறிக்கப்பட்டிருக்கிறதா? எப்படித் தேடுவது? ஊரில் அவருக்கு ஒரு கல் நாட்டலாமா?”

பெயர் பொறிக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்த பிரிட்டிஷ் இந்தியப் படையினர் அனைவரையும் பெயர் சொல்லி நினைவுகூர வேண்டிய பொறுப்பு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்துக்கு (ஆங்கிலச் சுருக்கம் CWGC) உண்டு. அதன் பெயர்ப் பட்டியலை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். உங்கள் கையிலிருக்கும் அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். புகைப்படத்தைவிட இந்தத் தேடலுக்கு அதுதான் முதல் ஆதாரம். படை எண்ணை மட்டும் கொடுத்துத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணில் ஓர் இலக்கம் அழிந்திருந்தால் பெயரைக் கொண்டு தேட வேண்டியிருக்கும். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் ஆட்களில் பலர் ஒற்றைப் பெயருடன் படையில் சேர்ந்தவர்கள். அந்த ஒற்றைப் பெயர் பட்டியலில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் பதிவாகியிருக்கும். எனவே முதற்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். இன்றைய எழுத்துக்கூட்டலை நம்பவும் வேண்டாம். இன்று ‘சாமி’ என்று எழுதுவது அன்று ‘ஸ்வாமி’ என்றும், ‘வேலு’ என்பது ‘வேலூ’ என்றும், ‘ழ’கரம் மூன்று நான்கு விதமாகவும் ஆங்கிலத்தில் ஏறியிருக்கும், எழுதியவர் தமிழர் அல்லாத எழுத்தராக இருந்தால் கேட்கவே வேண்டாம். படைப்பிரிவின் பெயரையும் முதல் தேடலில் குறிப்பிடாதீர்கள்; சாப்பர்ஸ் (படையின் பொறியியல் பிரிவு) வீரர்கள் ‘இந்தியன் இன்ஜினியர்ஸ்’ என்ற பொதுத் தலைப்பின்கீழ் வருவதும் உண்டு. இந்தியப் படை, இறந்த ஆண்டு 1944, பெயரின் ஏதேனும் ஒரு வடிவம் ஆகிய மூன்றையும் கொடுத்து, வரும் பெயர்களைப் பொறுமையாகப் படித்துக்கொண்டே வாருங்கள். பல பதிவுகளில் ‘இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர்’ என்றொரு குறிப்பு இருக்கும். ஊர் உங்கள் ஊராக இருந்து, மாவட்டம் ‘வட ஆர்க்காடு’ என்றிருந்தால் திகைக்க வேண்டாம். அன்று வேலூர் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் மனைவியான பாட்டியின் பெயரும் அதில் இருந்துவிட்டால் வேறு சான்று தேவையில்லை.

பதிவு கிடைத்ததும் ‘கல்லறை எண்’ என்று எதுவும் இல்லையே என்று பலர் மனம் உடைகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கிறித்தவ, இஸ்லாமிய வீரர்கள் புதைக்கப்பட்டார்கள். இந்து, சீக்கிய வீரர்கள் தகனம் செய்யப்பட்டார்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. அவர்கள் பெயர்கள் தகன நினைவுச்சின்னத்தில் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. நாகாலாந்தின் கோஹிமாவில் மட்டும் அப்படி 917 பெயர்கள் இருக்கின்றன. உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் யாங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் என்னும் இடத்தில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தின் தூண்களில் உள்ளன. ஏறத்தாழ 27,000 பெயர்கள். உங்கள் பெரிய தாத்தாவின் பதிவில் நினைவுச்சின்னத்தின் பெயரும், ‘ஃபேஸ்’ (முகப்பு) என்ற சொல்லோடு ஓர் எண்ணும் மட்டும் இருந்தால், அந்தத் தூணின் எந்தப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது என்பதே அதன் பொருள். தவுக்கியானின் நடு மண்டபத்தில், சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்ற வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகிய எழுத்துகளில் இருக்கிறது. தூண்களில் இத்தனை முனுசாமிகள் இருந்தும் தமிழில் ஒரு வரி இல்லையே என்ற குறை எனக்கு உண்டு.

வீட்டில் ‘பர்மா சண்டை’ என்று சொல்லப்பட்டாலும் அவர் இறந்த இடம் இன்றைய மியான்மராக இருக்க வேண்டியதில்லை. 1944-இன் பெரும்போர்கள் மணிப்பூரின் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்தன. அங்கே பெயர் இருந்தால் நீங்கள் நாட்டைத் தாண்டாமலே போய் வரலாம். தவுக்கியான் என்றால் இன்றைய நிலையில் பயணத்தை அவசரப்படுத்த வேண்டாம். ஆணையத்தின் தளத்தில் அவர் பெயருக்கான நினைவுச் சான்றிதழை இறக்கி அச்சிட்டு, புகைப்படத்துடன் சட்டமிட்டு வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இருந்தாலோ பெயரே விடுபட்டிருந்தாலோ, சான்றுகளுடன் ஆணையத்துக்கு எழுதினால் பரிசீலிப்பார்கள். அந்தச் சான்றுகளைத் தேடிப் பெங்களூருவில் உள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தின் ஆவணப் பிரிவுக்கு எழுதலாம். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகப் போவது நல்லது.

டெல்லிக்குப் போய்த் தேடுவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பின் இறந்தவர்களின் பெயர்களே உள்ளன. இந்தியா கேட்டில் இருப்பவை முதல் உலகப் போரிலும் 1919-இன் ஆப்கன் போரிலும் இறந்தவர்களின் பெயர்கள். இரண்டிலும் உங்கள் பெரிய தாத்தா இருக்கமாட்டார்.

இறந்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆணையத்தின் பதிவில் அது பெரும்பாலும் இராது. ‘எதிரியின் பீரங்கிக்கு எதிரே நின்று’ என்றெல்லாம் குடும்பக் கதை வளர்வது இயல்பு. ஆனால் 1943-இல் அந்த முனையில், காயத்துக்காகக் களத்திலிருந்து அனுப்பப்பட்ட ஒருவருக்கு நோய்க்காக 120 பேர் அனுப்பப்பட்டார்கள் என்று அங்கே படை நடத்திய ஜெனரல் ஸ்லிம்மே பதிவு செய்திருக்கிறார். மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவ்வளவு பேரை வீழ்த்தின. பாலம் கட்டவும் பாதை போடவும் முன்னே போன சாப்பர் ஒருவர் காய்ச்சலில் இறந்திருந்தாலும் அவர் போரில் இறந்தவர்தான். அதற்கென்று ஒரு சண்டைக் காட்சியை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

பதிவில் உள்ள தேதியும் தந்தி வந்த நாளும் வேறாக இருக்கும், வாரக்கணக்கில்கூட வேறுபடும். இறந்த நாள் தெரியாதபோது செய்தி கேட்ட நாளையே கொள்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதனால் பாட்டி செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. இனி பதிவின் தேதிக்குரிய திதியைப் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்து அன்று செய்யுங்கள். பாட்டி படைத்த நாளையும் விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. அது அவருடைய துக்கத்தின் நாள். திதி கொடுப்பவர்களாக இருந்தால், மகாளய பட்சத்தில் அமாவாசைக்கு முந்தைய சதுர்த்தசி ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு உரியது. பிள்ளையில்லாத பெரிய தாத்தாவுக்குத் தம்பி பேரன் எப்படிச் செய்வது என்று தயங்க வேண்டாம்; காருண்ய பித்ருக்கள் (நேர்வழி முன்னோர் அல்லாத உறவினர்) என்று அவர்களுக்கு மகாளயத்தில் இடமுண்டு.

கல் நாட்டுவது நல்ல எண்ணம். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசு நம் ஊர்கள் சிலவற்றில் பளிங்குப் பலகை பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போரிட்டார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லி, ஒரு பெயரையும் சொல்லாத பலகை. செங்கம் பக்கத்தில் பழங்காலத்தில் இறந்த வீரருக்கு நட்ட நடுகல்லைப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனையாம் ஆண்டு, யாருடைய ஆள், என்ன பெயர், எந்தப் பூசலில் ‘பட்டான்’ (இறந்தான்) என்று நான்கைந்து வரிகளில் எல்லாம் இருக்கும். உங்கள் கல்லுக்கு அதையே மாதிரியாகக் கொள்ளுங்கள். பெயர், தந்தை பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, பெயர் பொறிக்கப்பட்ட நினைவுச்சின்னம். கீழே அவர் மனைவியின் பெயர். ஊரார் அழைத்த பெயர் தமிழிலும், பதிவில் உள்ள எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பின்னால் தேடுபவருக்கு இரண்டும் வேண்டும். பட்டா நிலத்தில் நாட்டினால் சிக்கல் குறைவு. பொது இடம் என்றால் ஊராட்சியில் தீர்மானம் வாங்கிய பிறகே கல்தச்சரிடம் போங்கள். எண்ணும் தேதியும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதை வெட்டுவதற்கு முன் கரியால் எழுதிக் காட்டச் சொல்லி, வீட்டில் இரண்டு பேர் சரிபார்த்துவிடுங்கள்.