முத்துப்பேட்டைப் படகுப் பயணமும் ஃபியோர்டு கப்பல் பயணமும் ஒன்றா?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போவதைப் போன்றதுதானா அலாஸ்காவின் கீனாய் ஃபியோர்டுகளில் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடற்கால்களில்) ஒரு நாள் கப்பலில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். காவிரியின் கிளையாறுகள் வண்டலைக் கொட்டி வளர்த்த நம் காயலில் பல இடங்களில் துடுப்பு சேற்றைத் தொட்டுவிடும். அங்கோ, பனியாறு பாறையைக் குடைந்து விட்டுச்சென்ற பள்ளத்துக்குள் கடல் புகுந்திருப்பதால், செங்குத்தான மலைக்கு அருகிலேயே கப்பல் செல்லும் அளவுக்கு ஆழம் உண்டு. நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 1,300 மீட்டருக்கும் ஆழமானது.

கீனாய் பயணம் தொடங்கும் அலாஸ்காவின் சீவார்டு துறைமுகத்தில் கிளம்பியதும் கடல் நீர்நாயைத் தேடுங்கள். மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின்மேல் வைத்த சிப்பியைக் கல்லால் தட்டி உடைத்துத் தின்னும் அந்த உயிரை, திமிங்கிலத்தைவிட முக்கியமான காட்சியாகவே நான் கருதுகிறேன். பனியாற்றின் முகப்பில், பனிச்சுவர் சரிவதைக் கண்ட பின்னரே அதன் இடியோசை காதை எட்டும்; சுற்றிலும் மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் சீல்கள் படுத்திருக்கும்.