டிடிஎஸ் 380 என்றால் நல்ல தண்ணீரா?

கே: மேல்தொட்டிக்கு ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டேனுங்க. மருந்து வாசம் தாங்கல. என்ன பண்றது? (காங்கேயம்)

ப: தொட்டி எத்தனை லிட்டர், பவுடர் மூட்டையைப் பிரித்து எத்தனை நாள்? இரண்டையும் எழுதவில்லை. கைப்பிடி என்பது அளவே அல்ல. அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். 1000 லிட்டருக்குப் புதுப் பவுடர் 4 கிராம் போதும்; தலைதட்டி ஒரு டீஸ்பூன். நேரே தூவாமல், பிளாஸ்டிக் பக்கெட்டில் குழைத்துக் கலக்கி, கால் மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அரை மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பில் (மிச்சக் குளோரினை அளக்கும் சிறு கருவி) லிட்டருக்கு 0.2-க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் நடுவே வந்தால் சரி. கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும். தொட்டி வண்டலை முதலில் கழுவுங்கள். டாய்லெட் ஆசிட் பக்கத்தில் பவுடரை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் விஷவாயு.

கே: செம்புக் குடத்தில் வைத்தால் எல்லாம் சுத்தமாகிவிடுமா? (கோபி)

ப: ராத்திரி முழுக்க இருந்தால் கிருமி குறையும். உப்பும் ஃப்ளோரைடும் அப்படியேதான் இருக்கும்.

கே: எங்க போர் தண்ணி டிடிஎஸ் 380-தானுங்க. பையனுக்குப் பல்லில் காவித் திட்டு வருது. தண்ணி நல்லதுதானே? (மேச்சேரி)

ப: மறுபடியும் டிடிஎஸ்! தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவுதான் அது. அதற்கான மீட்டர் பார்ப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை மட்டுமே. அதை வைத்து உப்பு இவ்வளவு என்று ஒரு கணக்குச் சொல்லும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமியைப் பற்றியும் தெரியாது. 380-க்குள் ஃப்ளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் எண்ணில் வித்தியாசம் தெரியாது. ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை ஃப்ளோரைடுக்கு விடுவது லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5. பல்லில் காவி என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

வங்கதேசத்தில் குளத்துக் கிருமிக்குப் பயந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்த அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993-ல்தான் வெளிப்பட்டது. பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பு, ஆவதற்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். அடுத்தடுத்த கிணறுகளே வேறு வேறு நிறம். நம் பாறையில் ஃப்ளோரைடுக்கும் அதே கதைதான். பக்கத்துத் தோட்டத்து ரிப்போர்ட் உங்கள் போருக்கு ஆகாது.

ஆர்ஓ (உப்பை வடிகட்டும் மெஷின்) விற்க வீட்டுக்கே வந்து இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்துத் தண்ணீரைச் செம்மண் நிறமாக்கிக் காட்டுகிறவர்களையும் நம்பாதீர்கள். கரைவது அந்த இரும்புக் கம்பிதான். ஆர்ஓ தண்ணீரில் உப்பில்லை, கரண்ட் ஓடாது, கம்பி கரையாது. வித்தை அவ்வளவே.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் (கண்ணாடி வேண்டாம்) 2 லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட் வரும்வரை குடிக்க மட்டுமல்ல, சோறு பொங்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்தான். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும்.

கே: மாட்டுக் கொட்டகை ஓரத்துக் கிணறு. காய்ச்சிக் கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கலாங்களா? (தாராபுரம்)

ப: வேண்டாம். சாணமும் மூத்திரமும் இறங்கும் இடத்தில் நைட்ரேட் ஏறும். வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தாண்டினால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். இதற்கும் டிடிஎஸ் மீட்டர் உதவாது, காய்ச்சுவதும் உதவாது.

கே: 1000 சதுர அடி மொட்டை மாடி. மழைத் தண்ணீர் எவ்வளவு தேறும்? (அவிநாசி)

ப: வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போக 50,000 லிட்டர் தேறும். முதல் 2 மில்லிமீட்டர், அதாவது 200 லிட்டர், பறவை எச்சமும் தூசியும் கலந்து வரும். அதைத் தனி வால்வில் வெளியே விட்ட பிறகே சம்ப்புக்கு.

கே: சிறுவாணித் தண்ணிக்கு ஆர்ஓ வாங்கலாமா? (கோவை, வடவள்ளி)

ப: எதை எடுக்க? உப்பே இல்லாத தண்ணீருக்கு மெம்பரேன் (ஆர்ஓ-வின் வடிகட்டிச் சவ்வு) போட்டு, ஒரு குடத்துக்கு இரண்டு மூன்று குடம் சாக்கடையில் விடுவீர்கள். காய்ச்சிக் குடியுங்கள், சம்ப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.