லோன் வந்தால் யூனிவர்சல் கிரெடிட் நின்றுவிடுமா?

கேள்வி: ஆறும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். வாடகை வீடு, குறைந்த வருமானக்காரருக்கு அரசு மாதாமாதம் தரும் யூனிவர்சல் கிரெடிட்டில்தான் சீவியம். செப்டெம்பரில் முழுநேரக் கணக்கியல் பட்டப்படிப்பு தொடங்குகிறது. பெனிபிட் முழுவதையும் வெட்டிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, ஹாரோ)

பதில்: வெட்ட மாட்டார்கள், குறைப்பார்கள். முழுநேர மாணவருக்கு யூனிவர்சல் கிரெடிட் இல்லை என்பது பொதுவிதிதான். பிள்ளை வளர்ப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. சைல்ட் பெனிபிட்டில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது.

குறைவதற்குக் காரணம், படிக்கும்போது சீவியச் செலவுக்குத் தரும் மெயின்டனன்ஸ் லோன். திருப்பிக் கட்டும் கடன்தானே என்று வாதாடிப் பயனில்லை, சட்டம் அதை வருமானமாகவே எடுக்கிறது. லோன் வேண்டாமென்று விட்டாலும், உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய முழுத்தொகையைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். வட்டிக்குப் பயந்து எடுக்காமல் விடுபவர்களுக்கு இரண்டு பக்கமும் நட்டம்.

ஆனால் லோன் முழுவதும் கணக்கில் வராது. இங்கிலாந்தில் உங்களைப் போன்ற தனிப்பெற்றோரின் லோனில் ‘ஸ்பெஷல் சப்போர்ட்’ என்றொரு பகுதி உண்டு. அதையும், படிப்புக் கட்டண லோனையும், பிள்ளையுள்ள மாணவருக்கான பேரன்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸையும், பிள்ளைப் பராமரிப்புச் செலவுக்கான சைல்ட்கெயர் கிரான்ட்டையும் தொடக்கூடாது.

ஓர் உதாரணம். ஸ்பெஷல் சப்போர்ட் போக மிச்ச லோன் 7,200 பவுண் என்று வையுங்கள். உங்கள் மதிப்பீட்டு மாதம் (யூனிவர்சல் கிரெடிட்டைக் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) 15ஆம் திகதி தொடங்குகிறது, வகுப்பு செப்டெம்பர் 29இல் ஆரம்பித்து யூன் 5இல் முடிகிறது. செப்டெம்பர் 15 முதல் மே 14 வரை எட்டு மதிப்பீட்டு மாதங்கள். 7,200ஐ எட்டால் பிரித்தால் 900. அதில் 110 பவுணைச் சலுகையாக விட்டுவிட்டு, மாதம் 790 கழிப்பார்கள். விடுமுறை தொடங்கும் மே 15 – யூன் 14 மாதத்திலும் அதன் பிறகு கோடையிலும் கழிவில்லை.

லோன் வருவது தவணைக்கு ஒன்றாக மூன்று முறை, கழிப்பதோ மாதாமாதம். சனவரிக் காசு வரும்வரை முதல் தவணையை இழுத்துப் பிடித்தால்தான் வாடகை கட்டலாம்.

படிப்பு தொடங்கியதும் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் கணக்கின் ஒன்லைன் ஜேர்னலில் மாற்றத்தை அறிவித்து, லோன் தரும் ஸ்டூடன்ட் பினான்ஸின் கடிதத்தைப் பதிவேற்றுங்கள். அதில் ஸ்பெஷல் சப்போர்ட் தொகை தனியாகக் காட்டப்படவில்லையென்றால், பிரித்துக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: மொத்த லோனையும் வருமானமாகப் போட்டுவிடுவார்கள், அல்லது கோடையிலும் கழிப்பார்கள். அப்படியானால் முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் ‘மன்டேட்டரி ரீகன்சிடரேஷன்’ (முடிவை மீண்டும் பரிசீலிப்பது) கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் ஜேர்னலிலும் எழுதுங்கள்.

லோன் கழிக்கப்படும் மாதங்களில் வேலை தேடச் சொல்ல மாட்டார்கள். கோடையில் சொல்லலாம். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு வாரம் 30 மணிநேரம்வரை எதிர்பார்ப்பார்கள்.

கேள்வி: பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்க்கும் கிளப் செலவை யாரிடம் கேட்பது?

பதில்: யூனிவர்சல் கிரெடிட்டின் சைல்ட்கெயர் பகுதி சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத்தான். படிப்பு மட்டும் என்றால் ஸ்டூடன்ட் பினான்ஸிடம் சைல்ட்கெயர் கிரான்ட்டைக் கேளுங்கள். உச்சவரம்புக்கு உட்பட்டு 85 வீதம்வரை தருவார்கள். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. பதிவுபெற்ற பராமரிப்பாளராக இருக்கவேண்டும். அம்மம்மா பார்ப்பதற்குக் காசு கொடுத்தால் அது இதில் சேராது.

கேள்வி: கவுன்சில் டக்ஸ் (உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) கட்டவேண்டுமா?

பதில்: வீட்டில் 18 வயதைத் தாண்டியவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் முழுநேர மாணவி என்றால் ஒரு சதமும் இல்லை. தானாக நிற்காது, பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்பவேண்டும். வேலைக்குப் போகும் தம்பி கூட இருந்தால் விலக்குப் போய்விடும், ஆனால் 25 வீதத் தள்ளுபடி கேட்கலாம்.