அந்தமானில் வெள்ளையாகக் கிடக்கும் பவளத்தைக் கொன்றது சுனாமியா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஜாலி பாய் தீவில் பவளப்பாறை பார்க்க ஆசை. போய்வந்த நண்பரோ, "சுனாமியிலேயே எல்லாம் செத்துப்போச்சு, வெள்ளை வெள்ளையா எலும்புதான் கிடக்குது, காசு தண்டம்" என்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் பார்த்தது நிஜமாக இருக்கலாம். பழியைத்தான் ஆள் மாற்றிப் போட்டுவிட்டார்.

2004 டிசம்பர் 26 அன்று அந்தமான் பவளங்களுக்கு விழுந்த பெரிய அடி அலையால் வந்ததல்ல, நிலத்தால் வந்தது. பூகம்பத்தில் தீவுக்கூட்டமே சாய்ந்துபோனது. வடக்கே இன்டர்வியூ தீவுப் பக்கம் தரை சுமார் ஒரு மீட்டர் மேலே வந்தது. கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்திலும் நீருக்குள் இருந்த பவளத் திட்டுகள் அப்படியே வெயிலில் காய்ந்தன. இன்றும் அங்கே அவை காய்ந்த மேடுகள்தான். தெற்கே நேர்மாறு: நிக்கோபாரின் தென்கோடியில் இருக்கும் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் 4 மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. போர்ட் பிளேர் வட்டாரமும் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்துப் பவளம் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும், அதனாலேயே செத்துவிடாது. கரை அரித்து வந்து படியும் வண்டல்தான் அதை மூச்சுமுட்ட வைக்கும்.

அலை என்ன செய்தது என்றால், எதன்மேல் வளர்ந்திருந்தது என்பதைப் பொறுத்தது. கெட்டிப் பாறையைப் பிடித்திருந்த பவளம் பெரும்பாலும் தப்பியது. மணல்மேல் உட்கார்ந்திருந்த பெரிய உருண்டைப் பவளங்கள் புரண்டன. சுமத்ராவின் ஆச்சே கடலிலும் இதே கதைதான். கிளைப் பவளம் ஒடிந்தாலும் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளர்ந்துவிடும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான், ஆளுயரத்துக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இப்போது அந்த வெள்ளை. செத்த பவளம் நீருக்குள் நீண்ட நாள் வெள்ளையாக இருக்காது, சில வாரத்தில் பாசி பிடித்துவிடும். ஆகவே இன்று நீருக்கடியில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிவது 2004-இன் பிணமாக இருக்க வழியே இல்லை. கடல் சூடேறியதால், உள்ளே குடியிருந்து உணவு தந்த நுண்பாசியை இழந்து வெளிறிய பவளம் அது. பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும். 2010-இலும் 2016-இலும் அந்தமான் பவளங்களை வாட்டியது இந்தச் சூடுதான்.

சூடு உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களில். தேதியை மாற்ற முடியுமானால் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள், தண்ணீரும் தெளிவாக இருக்கும். நன்றாக வற்றிய நேரத்தில் இறங்காதீர்கள், கால் பவளத்தில் படும். களைத்தால் மிதவையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பவளத்தின்மேல் நிற்க வேண்டாம் (வழிகாட்டியே நின்றாலும்!). ஜாலி பாய்க்குப் பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, தண்ணீருக்கு வேறு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் கிடக்கும் துண்டைக் குழந்தைகள் பையில் போட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். "செத்ததுதானே" என்று விட்டுவிடாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, செத்த துண்டுக்கும் சட்டம் பொருந்தும். படகு ஏறுமுன் பைகளை ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.