மைனஸ் 20 டிகிரி கிடங்கில் புது ஆட்கள் ஏன் நிற்பதில்லை?

சென்னைக்கு வெளியே உறைந்த மீன், ஐஸ்கிரீம், பச்சைப் பட்டாணி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பொங்கலுக்கு அப்புறம் 12 பேரை எடுத்தேன், மூன்று வாரத்தில் 9 பேர் போய்விட்டார்கள். பக்கத்துக் கிடங்கைவிட ஆயிரம் ரூபாய் கூடத்தான் கொடுக்கிறேன். பயிற்சியில் என்ன குறை?"

சம்பளத்தை இன்னும் ஏற்றாதீர்கள், விஷயம் அதில் இல்லை. மூன்று வாரத்தில் போகிறவர் பெரும்பாலும் உடம்பு தாங்காமல்தான் போகிறார். தாங்காமல் போவதும் குளிரால் என்பதைவிட வியர்வையால்.

வெளியே 36 டிகிரி, உள்ளே மைனஸ் 20. உள்ளே பேலட் (சரக்கு வைக்கும் தட்டு) அடுக்கிக்கொண்டிருக்கும் புது ஆளை "லாரி வந்தாச்சு" என்று கூப்பிடுகிறார்கள், அவர் ஜாக்கெட்டோடே ஓடி வந்து பத்து நிமிஷம் பெட்டி இறக்குகிறார், உள்பனியன் தொப்பலாக நனைகிறது, அப்படியே திரும்பச் சேம்பருக்குள், அதாவது அந்த உறைகுளிர் அறைக்குள் போகிறார். ஈரத்துணி குளிரைத் தடுக்காது, உடம்புச் சூட்டைத்தான் உறிஞ்சும். அதோடு விசிறிக் காற்று நேராக முதுகில் அடிக்கும் இடத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி தோள்பட்டை வலி, இருமல். நாலாம் நாள் "இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்காதுண்ணே" என்று பையை எடுத்துவிடுகிறார்.

அதனால் முதல் பாடமே ஜாக்கெட் ஜிப்தான். வெளியே வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்று, நனைந்த பனியனை மாற்று, அப்புறம்தான் உள்ளே. இதற்கு ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, மாற்றுச் சாக்ஸ், துணி காயவைக்க ஒரு சூடான அறை வேண்டும். மத்திய அரசின் குளிர்பதனச் சங்கிலித் திட்டத்தில் மானியம் தருகிறார்கள், கம்ப்ரசரையும் சுவர் பேனலையும் எண்ணிப் பார்க்கிறார்கள், ஆட்கள் சூடேறும் அறை எங்கே என்று ஓர் அதிகாரி கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கட்டுங்கள்.

முதல் வாரம் நான் வைக்கும் கணக்கு 20 நிமிஷம் உள்ளே, 15 நிமிஷம் வெளியே. இரண்டாம் வாரம் 40 நிமிஷம். சூப்பர்வைசரிடம் விடாமல், அதே ஊர்ப் பேச்சுள்ள பழைய ஆள் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். முதல் நாள் வேறு எதுவும் சொல்லித்தருவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு, உள்ளிருந்து திறக்கும் விசையை அவர் கையாலேயே மூன்று தடவை தள்ளச் சொல்லுங்கள். ஒரு கிடங்கில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தான், அடிக்கடி திரும்பித் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சோம்பேறி என்றார்கள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அது. விசையைத் தள்ளிப் பார்த்த அன்றே கடைசி ரேக் வரைக்கும் போய்விட்டான்.

இப்போது லேபர் காண்ட்ராக்டர். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவருக்கு உங்கள் ஆள் நிற்பதில் என்ன லாபம்? போனால் அடுத்த ஆளை அனுப்பி இன்னொரு தடவை வாங்குவார், போனவரை அடுத்த கிடங்கில் விட்டு அங்கேயும் வாங்குவார். உங்கள் 9 பேரில் எத்தனை பேர் இப்போது பக்கத்துக் கிடங்கில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கமிஷனை மூன்றாகப் பிரியுங்கள்: சேரும்போது கொஞ்சம், ஒரு மாதத்தில் கொஞ்சம், பெரும்பகுதி 90 நாள் முடிந்தால். மாட்டேன் என்றால் அந்தக் காண்ட்ராக்டரே வேண்டாம். சம்பளத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராகத் தொழிலாளி வங்கிக் கணக்கில் போடுங்கள், அவர் கொடுக்காமல் ஓடினால் பாக்கி உங்கள் தலையில்தான் விழும். "கோல்டு ஸ்டோரேஜ் டிரெயினிங் சர்டிபிகேட்டோடு ஆள் தருகிறேன்" என்று சொல்லி இரண்டாயிரம் கூடக் கேட்பவரையும் நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழ்க்காரர்களில் பலர் சேம்பருக்குள் காலே வைத்ததில்லை.

காண்ட்ராக்டர்களில் சிலர் "மூணு மாசம் பார்த்துட்டு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) போடலாம் சார்" என்பார்கள். கூடவே கூடாது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு, கதவோரத்துப் பனியில் வழுக்கி விழுவது முதல் வாரத்தில்தான். ஆனால் காய்ச்சல், இருமல் என்று படுத்தால் உதவித்தொகைக்கு 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். புது ஆளுக்கு எங்கே போவது 78 நாளுக்கு? தேவைப்படும்போது கைகொடுக்காத விதி இது. முதல் மாதத்தில் மூன்று நாள் சம்பளத்தோடு லீவு நீங்களே கொடுங்கள். ஆள் திரும்பி வருவார்.

ஒரே ஒரு வகை ஆளுக்கு இந்தப் பயிற்சியெல்லாம் பலிக்காது. குளிர் பட்டால் சிலருக்கு விரல் செத்த மாதிரி வெளுக்கும். எல்லோருக்கும் வரும் விறைப்பு இல்லை இது. ஒன்றிரண்டு விரல் மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல், கோடு போட்டமாதிரி வெளுத்து நிற்கும், பக்கத்து விரல் சிவப்பாகவே இருக்கும். சூடேறும்போது நீலமாகி, சிவந்து, குத்தும். வெளியே வருபவரிடம் கையுறையைக் கழற்றச் சொல்லி விரலைப் பாருங்கள், ஒரு வாரம் தினமும் பாருங்கள். வெளுத்திருந்தால் தேய்க்காதீர்கள், கொதிக்கும் தண்ணீரிலும் விடாதீர்கள், மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர், இல்லாவிட்டால் அவர் அக்குளுக்குள்ளேயே கையை வைக்கச் சொல்லுங்கள். பீடி குடித்தால் இன்னும் மோசமாகும். டாக்டரிடம் அனுப்புங்கள், அதுவரை சேம்பர் வேண்டாம். ஆளை அனுப்பிவிடவும் வேண்டாம். லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் டாக்கில் பில்லைச் சரிபார்க்க, லேபிள் ஒட்ட உங்களுக்கு ஆள் தேவைதானே, அங்கே போடுங்கள்.