வாடகைக்கு அரசாங்கம் பணம் தருமா? வளவு வீடுகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

திருப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வாடகை கேஸ் கட்டுகளைச் சுமந்து சுமந்தே முதுகு வளைந்தது. எது நடக்கும், எது நடக்காது என்பது ஓரளவுக்குத் தெரியும். வளவு வீடுகளிலிருந்து, அதாவது ஒரே வாசலில் வரிசையாக இருக்கும் லைன் வீடுகளிலிருந்து, வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஊத்துக்குளி ரோட்டிலிருந்து ஒரு டெய்லர்: அண்ணா, வாடகை கட்ட முடியாதவங்களுக்கு அரசாங்கம் மூணு மாச வாடகை தருதாம். ஃபாரம் எழுத 500 ரூபாயும் ஆதார் ஜெராக்ஸும் கேட்கிறார் ஒருத்தர். கொடுக்கலாமுங்களா?

கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் உங்கள் வாடகையை அரசு கட்டும் திட்டம் எதுவும் இல்லை. இந்தப் பேச்சு கொரோனா காலத்து மிச்சம் என்று நினைக்கிறேன். 2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை என்பதுதான் அது. வாடகையை அரசு கொடுக்கும் என்று அதில் இல்லை. அதே நாளில் டெல்லி முதலமைச்சர், ஏழைகளால் வாடகை தர முடியாவிட்டால் அரசு தரும் என்று பேட்டியில் சொன்னார். அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தீர்ப்பும் கொடுத்தார். செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டுவிட்டது. அதுவும் டெல்லிக்காரர்களுக்கு. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது வதந்தி மட்டும்தான். அந்த 500 ரூபாய்க்கு ஒரு சிப்பம் அரிசியில் பாதியாவது வாங்கலாம்.

பெருந்துறை அக்கா ஒருவர்: அமெரிக்காவில் கொடுத்தாங்கன்னு டல்லஸில் இருக்கிற என் நாத்தனார் மகள் சொல்றாள். பையன் மெல்போர்னில் படிக்கிறான், அவனுக்குக் கிடைக்குமா தம்பி?

அமெரிக்காவில் கொடுத்தது உண்மைதான் அக்கா. 2020 டிசம்பர் சட்டத்தில் 2,500 கோடி டாலர், 2021 மார்ச்சில் இன்னொரு 2,155 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் சம்பாதிப்பவர்களுக்கு, அதிகபட்சம் 18 மாத வாடகை வரை. பணம் பெரும்பாலும் வீட்டுக்காரர் கைக்கே போனது. அவசர காலத்துக்கென்று போட்ட திட்டம் அது.

ஆஸ்திரேலியாவில் வாடகை உதவித்தொகை என்று நிரந்தரமாகவே ஒன்று உண்டு. ஆனால் அது தனியாக வராது. முதியோர் பென்ஷன், வேலை தேடுவோர் உதவி மாதிரி ஏற்கெனவே அரசுப் பணம் வாங்குபவர்களுக்குக் கூடுதலாகத் தருவது. படிப்பு விசாவில் போன வெளிநாட்டுப் பிள்ளைகள் பொதுவாக அதில் வர மாட்டார்கள். சிரமத்தில் இருக்கும் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அவசர உதவி வைத்திருக்கின்றன. அங்கே கேட்கச் சொல்லுங்கள்.

அனுப்பர்பாளையம்: எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. வாரத்தில் மூணு நாள்தான் வேலை இருக்குது. ரெண்டு மாச வாடகை நிக்குது. சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணலைன்னா சாமானை வெளியே வெச்சுப் பூட்டிடுவேன், கரண்டைப் புடுங்கிடுவேன்னு வீட்டுக்காரர் சொல்றார்.

2025 ஆகஸ்ட் 27-இல் நம் சரக்கு மேல் அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் திண்ணையில் அதிகம் கேட்ட கதை இதுதான். நிதானமாகச் சொல்கிறேன்.

சனிக்கிழமைக் கெடு சட்டத்தில் கிடையாது. வாடகைக்கென்று 2017-இல் நம் மாநிலம் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் வீட்டுக்காரர் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லிக் காலி செய்யவைக்க முடியாது. கட்டாவிட்டாலும் அவர் போக வேண்டியது வாடகை நீதிமன்றத்துக்கு. பூட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு அல்ல. தண்ணீர், கரண்டை நிறுத்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது. நிறுத்தினால், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. சாமானை வெளியே எறிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இப்போது கசப்பான பாதி. இந்தச் சலுகையை வருடா வருடம் வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. ஒருமுறை தப்பித்துவிட்டு மறுபடி வாடகையை நிறுத்தினால் நீதிமன்றம் இரக்கம் காட்டாது. சட்டம் உங்களுக்குக் கொடுப்பது அவகாசம் மட்டும்தான். பாக்கி பாக்கியாகவேதான் இருக்கும். ஆகவே நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல், கையில் பாதி இருந்தால் பாதியைக் கொடுத்து, மீதி எந்தெந்தச் சனிக்கிழமை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இப்படி எழுதிக்கொண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் கோர்ட் பக்கமே வரவில்லை, நான் பார்த்தவரை.

வக்கீலுக்குக் காசில்லை என்று பயப்படாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. போன் எண் 15100. கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கிறது, நேரில் போவது இன்னும் நல்லது.

அதே வளவிலிருந்து இன்னொருவர்: எங்களுக்கு அக்ரிமெண்டே இல்லைங்களே?

பலருக்கும் இல்லை. லைன் வீட்டில் அக்ரிமெண்ட் கேட்டால் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதுதான் சட்டம். எழுதவில்லை என்பதையே காரணமாக வைத்து வீட்டைத் திரும்பக் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. ஆகவே எழுதச் சொல்லிக் கேட்டது நீங்கள்தான் என்று காட்ட ஒரு வாட்ஸப் செய்தியாவது இருக்கட்டும்.

பல்லடம்: பத்து மாச அட்வான்ஸ் கொடுத்திருக்கேன். அதில் கழிச்சுக்கச் சொல்லலாமா?

சொல்லிப் பாருங்கள், ஆனால் அது உங்கள் உரிமை இல்லை, அவர் சம்மதம் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுவே செல்லும். சம்மதித்தால் "இத்தனை மாத வாடகை அட்வான்ஸில் கழிந்தது, மீதி அட்வான்ஸ் இவ்வளவு" என்று எழுதி வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது, கழிக்க வேண்டியதைக் கழித்து ஒரு மாதத்துக்குள் மீதியைத் தர வேண்டும்.

ஈபி யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கறாங்க, அந்த 100 யூனிட் இலவசம் எங்கே போகுது?

வீட்டுக்காரர் கணக்குக்கு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எட்டு வீட்டுக்கு ஒரே இணைப்பு என்றால் 100-ஐ எட்டாகப் பிரிக்க வேண்டியதுதானே நியாயம். பிரிப்பவரை நான் இன்னும் பார்த்ததில்லை. யூனிட் ரேட்டை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மெயின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

ஈரோடு, வீரப்பன்சத்திரம்: மாச வாடகை வேண்டாம்னு அஞ்சு லட்சம் போக்கியத்துக்குப் போனோம். இப்போ வீட்டு வாசலில் பேங்க்காரங்க நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் போனை எடுக்கறதில்லைங்க.

படிக்கவே வயிறு கலங்குகிறது. வீட்டை பேங்க்கில் வைத்துக் கடன் வாங்கிய பிறகு உங்களுக்குப் போக்கியம் கொடுத்திருந்தால் பேங்க் முன்னால், நீங்கள் பின்னால். போக்கியம் என்பது அடமானம் மாதிரி. பதிவு செய்த பத்திரம் இல்லாவிட்டால் அடமானமாக நிற்காது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதியதை வைத்து நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்று காட்டலாம், வீட்டைப் பிடித்துக்கொள்ள முடியாது.

உடனே செய்ய வேண்டியது: நோட்டீஸைப் போட்டோ எடுத்து, தேதியைக் குறித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். கோவையில் இருக்கும் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் குடியிருப்பவரும் மனுப் போடலாம். பேங்க் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாள்தான் கணக்கு, "பேசிப் பார்க்கலாம்" என்று நாளை ஓட்டாதீர்கள். ஐந்து லட்சத்துக்கு வீட்டுக்காரர் மேல் தனியாக வழக்குப் போட வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு: போக்கியத்துக்கு முன்னால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்ப்பதற்குக் காசு இல்லை. தெரிந்தவர், ஒறம்பரை (சொந்தக்காரர்) என்று சொல்லிக்கொண்டு பார்க்காமல் விட்டவர்களின் கட்டுதான் எங்கள் அலமாரியில் அதிகம்.

ஆட்குறைப்பில் வேலை போச்சு. வாடகைன்னு இல்லாட்டியும் எதாவது கைக்காசு வருமா?

சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்களா? பிடித்திருந்தால் வேலை இழந்த காப்பீட்டாளருக்கு 90 நாள் வரை, சராசரி தினச் சம்பளத்தில் பாதி கொடுக்கும் திட்டம் ஒன்று 2018-இல் வந்தது. இரண்டு வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான். நீங்களாக வேலையை விட்டிருந்தால் வராது. தவணை தவணையாக நீட்டிக்கும் திட்டம் என்பதால், நடப்பில் இருக்கிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மனுப் போடுங்கள். வீட்டில் பெண்களுக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள். அது வாடகைக்குப் பத்தாதுதான், மளிகைக்கு ஆகும்.

கோபியிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார்: எல்லாம் குடியிருப்பவருக்கே சொல்கிறீர்கள். இரண்டு போர்ஷன் வாடகையில்தான் என் மருந்துச் செலவே. ஐந்து மாதமாகப் பாக்கி. எனக்கு என்ன வழி?

நியாயமான கோபம் ஐயா. உங்களுக்கும் அரசுப் பணம் இல்லை. எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், பதிவோடு ஸ்பீட் போஸ்ட்டில். ஒரு மாதம் பொறுத்து வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: அவர் உண்மையிலேயே வேலை இல்லாதவரா, அல்லது புது வண்டி வாங்கிவிட்டுப் பாக்கி சொல்கிறவரா? முதல் ஆள் என்றால், பழைய பாக்கியை ஓரமாக வைத்து இந்த மாத வாடகையை ஒழுங்காகத் தரச் சொல்லுங்கள், பாக்கியைத் தீபாவளி போனஸில் கழிப்பதாக எழுதி வாங்குங்கள். இரண்டாவது ஆள் என்றால் நாளைக்கே நோட்டீஸ்.

ரசீது கேட்டா வீட்டுக்கார அம்மிணி கோவிச்சுக்குவாங்க, என்ன பண்ணறது?

கேட்க வேண்டாம். ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் "ஆடி மாச வாடகை" என்று தட்டிவிடுங்கள். கையில்தான் தர வேண்டும் என்றால் ஒரு நோட்டு வாங்கி, தேதி போட்டு, "சரியா பாருங்க அக்கா" என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர். அதையும் திருப்பினால் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டு அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.